திங்கட்கிழமைப் பாகும் ஒரு முனைவர் பட்டமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். டர்பன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு எப்போதோ ஆங்கிலமாகிவிட்டது. தாத்தா, ஆயா, அக்கா, ரசம், கஞ்சி என்று கொஞ்சம் சொற்கள் நடுநடுவே தலைகாட்டும். போன மாதம் வகுப்பு முடிந்து நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் அம்மா வந்து நின்றார். அவருடைய மூத்த மகன் வேதிப் பொறியியல் நான்காம் ஆண்டு படிக்கிறான். பிஎச்டி வரைக்கும் போகலாம் என்று அவனுடைய பேராசிரியர் ஆசைகாட்டியிருக்கிறார்.

"அக்கா, இன்னும் நாலு வருஷம் பரீட்சையா? இப்பவே அவனுக்குக் கண்ணு உள்ள போயிடுச்சு."

பரீட்சையே கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. பரீட்சை இல்லாமல் அது என்ன படிப்பு?

நியாயமான கேள்வி. அந்தப் படிப்புக்காகத்தான் 2018 பிப்ரவரியில் நான் திருச்சியிலிருந்து இங்கே வந்தேன். வந்து ஒரு வருஷம் ஆகும்வரை எனக்கே இதற்குப் பதில் தெரியாது. அன்றைக்கு நின்றபடி சொன்ன பதிலும் அரைகுறைதான். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் வேதிப் பொறியியல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆடி மாதம் வந்தால் இங்குள்ள மாரியம்மன் கோயில்களில் கஞ்சி ஊற்றுவார்கள். 'பாரிட்ஜ் பிரேயர்' என்று சொன்னால் டர்பனில் தெரியாதவர் இல்லை. வீட்டில் நாலு பேருக்கு நன்றாகக் கஞ்சி காய்ச்சுகிற ஒருவரைக் கோயிலில் ஐந்நூறு பேருக்குக் காய்ச்சச் சொன்னால் என்ன ஆகும்? அடிப்பிடித்துவிடும். அரிசி, மாவு, தண்ணீர் எல்லாவற்றையும் கணக்காகப் பெருக்கித்தான் போட்டிருப்பார். ஆனாலும் பிடிக்கும். பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே இருக்கும் கஞ்சி எட்டு மடங்காகிறது. சூடு வாங்கும் அடிப்பரப்பு நாலு மடங்குதான் ஆகிறது. அதே நேரத்தில் கொதிக்க வேண்டுமானால் அடியின் ஒவ்வொரு சாணிலும் முன்பைவிட இரண்டு பங்கு சூட்டை ஏற்ற வேண்டும். கஞ்சியோ கெட்டிச் சமாசாரம், வாங்கிய சூட்டைச் சட்டென்று மேலே கடத்தாது. அடி கருகும், மேலே வேகாது. கோயில் சமையற்காரர் கையில் ஆளுயரத் துடுப்பு இருப்பது இதற்காகத்தான்.

அந்தத் துடுப்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், தீ எவ்வளவு எரிய வேண்டும் என்பதையெல்லாம் கணக்காக்கினால் அது வேதிப் பொறியியல். குடுவையில் பத்துக் கிராம் செய்துகாட்டுவது வேதியியல். அதையே நாளுக்கு நூறு டன்னாக, அடிப்பிடிக்காமல், வெடிக்காமல், நஷ்டப்படாமல் செய்வதற்கு வேறொரு படிப்பு வேண்டியிருக்கிறது. பெட்ரோல், உரம், பெயின்ட், மருந்து, குடிநீர் எல்லாம் இந்தப் படிப்பின் கீழே வரும்.

சர்க்கரையும் வரும். டர்பன்காரர்களுக்கு இதை விளக்கச் சர்க்கரையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் கரும்புக்காக வரவழைக்கப்பட்டவர்கள். வெட்டிய கரும்பு போய்ச் சேர்ந்த ஆலை ஒரு வேதிப் பொறியியல் பாடப்புத்தகம் மாதிரி. சாறு பிழிவார்கள், சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைப்பார்கள், தண்ணீரை ஆவியாக்குவார்கள், படிகமாக்குவார்கள், சுழற்றிப் பிரிப்பார்கள், உலர்த்துவார்கள். ஒரு டன் சர்க்கரை எடுக்க எட்டு, ஒன்பது டன் கரும்பு ஆகிறது.

என் பக்கத்து வீட்டுத் தாத்தா அப்படியொரு ஆலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். இந்தத் தெருவில் என்னோடு முழுத் தமிழில் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் வேலை பார்த்த இடத்துக்குப் 'பான்' என்று பெயர். மூடிய பெரிய கலம், உள்ளே பாகு கொதிக்கும். காற்றை இழுத்து வெற்றிடமாக்கிவிடுவதால் 65 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், சர்க்கரை கருகாது. எட்வர்ட் சார்ல்ஸ் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1813இல் காப்புரிமை வாங்கிய முறை இது. பாகு எப்போது சரியான நிலைக்கு வருகிறது என்று பார்த்துச் சொல்கிறவருக்குப் பான் பாய்லர் என்று பெயர். நிறவெறிக் காலத்தில் பதவிப் பெயர் வேறொருவருக்கு இருந்தது. பதம் பார்த்தது தாத்தா.

பதம் பார்ப்பது எப்படி என்று தமிழ்ச் சமையலறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சொட்டுப் பாகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக விலக்க வேண்டும். அதிரசத்துக்கு நம் வீடுகளில் செய்வதுதான். தாத்தாவும் அப்படித்தான் செய்தார், ஆனால் டன் கணக்கான பாகுக்கு.

விரலுக்கு நடுவில் நடப்பதைப் பொறியியல் மொழியில் சொன்னால் இப்படி வரும். 20 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரில் சுமார் இரண்டு கிலோ சர்க்கரை கரையும். சூடான தண்ணீரில் இன்னும் நிறையக் கரையும். கரையக்கூடிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை நின்றால் அதை மீச்செறிவு என்கிறோம். மீச்செறிவு குறைவாக இருந்தால் ஏற்கெனவே இருக்கும் மணிகள் மட்டும் வளரும். எல்லை தாண்டினால் பாகெங்கும் பனிமூட்டம் மாதிரி பொடி மணிகள் திடீரென்று பிறந்துவிடும். பிரித்தெடுக்க முடியாமல் அந்தக் கொதிப்பே வீணாகும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான சந்தில் பாகை மணிக்கணக்காக நிறுத்திவைக்க வேண்டும். தாத்தா அதை விரலால் நிறுத்தினார்.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார்: "திங்கக்கெழமப் பாகு மட்டும் திமிரு புடிச்சதும்மா. இழுத்தா நூலா வரும், பதம் வந்த மாதிரியே இருக்கும். மணி மட்டும் கட்டாது. கட்டினாலும் ஊசி ஊசியா நிக்கும்."

ஏன் தாத்தா என்றேன்.

"யாருக்குத் தெரியும்? திங்கக்கெழம அப்படித்தான்."

முனைவர் பட்டம் என்ன என்பதை இந்த இடத்திலிருந்து சொல்வது எனக்குச் சுலபம். திங்கட்கிழமை அப்படித்தான் என்பது தாத்தாவுக்குத் தெரியும். அன்றைக்கு என்ன செய்து சமாளிப்பது என்பதும் தெரியும். அந்த அறிவு அவர் விரலோடு இருந்தது, அவர் ஓய்வு பெற்றதும் ஆலையை விட்டுப் போய்விட்டது. ஏன் அப்படி, எவ்வளவு தூரம் அப்படி, எந்த நிலைமையில் அப்படி இருக்காது என்பதைக் கண்டுபிடித்து, முன்பின் தெரியாத ஒருவர் வேறொரு ஊரில் படித்துவிட்டுப் பயன்படுத்தும்படி எழுதிவைத்தால் அதற்குப் பட்டம் கொடுப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். அதற்கு நாலைந்து வருஷம் ஏன் ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாத்தா சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சித் தலைப்புக் கிடைத்துவிட்டது! இரண்டு நாள் யோசித்து ஒரு விளக்கமும் தயார் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது. சனிக்கிழமை வெட்டிய கரும்பு காத்துக் கிடக்கும். இங்கே வெட்டுவதற்கு முன்னால் பெரும்பாலும் கரும்பைக் கொளுத்திவிடுவார்கள், தோகை எரிந்து கரும்பு நிற்கும். வெட்டுவாயிலும் தீயில் வெடித்த தோலிலும் நுண்ணுயிர் புகுந்து ஏதோ செய்கிறது. இதைக் கொண்டுபோய் என் மேற்பார்வையாளரிடம் பெருமையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து, மஞ்சளேறிப்போன கட்டுரைகள் ஒரு கட்டு எடுத்துக் கையில் வைத்தார்.

எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சமாசாரம். லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்று ஒரு பாக்டீரியா. நம் இட்லி மாவைப் பொங்கவைக்கும் அதே ஆள்தான். கரும்புச் சாற்றுக்குள் புகுந்தால் சர்க்கரை மூலக்கூறைப் பிளந்து, அதில் குளுக்கோஸ் பாதியை மட்டும் எடுத்து நீளச் சங்கிலியாகக் கோக்கிறது. அந்தச் சங்கிலிக்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர். பாகில் அது கலந்தால் பாகு கொழகொழவென்று நூலாக இழுக்கும், பதம் வந்த மாதிரி ஏமாற்றும். படிகத்தின் சில முகங்களில் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வளரவிடாது. மணி சதுரமாக வராமல் ஊசியாக நீளும். தாத்தா சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே இதையெல்லாம் எழுதிவிட்டார்கள்.

அழுகை வந்தது. மேற்பார்வையாளர் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இப்போது ஆரம்பிக்கலாம்" என்றார்.

படிப்பின் முதல் வருஷம் முழுக்க இதுதான். உலகத்தில் என்ன தெரியும் என்று ஓரம்வரை நடந்து பார்த்து, எந்த இடத்தில் தரை முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். டெக்ஸ்ட்ரான் பாகைக் கெட்டியாக்கும் என்பது தெரியும். எவ்வளவு நீளச் சங்கிலி, எந்த வெப்பநிலையில், பாகில் இருக்கும் மற்றக் கசடுகளோடு சேரும்போது எவ்வளவு? இப்படிக் கேட்டுக் கேட்டுச் சுருக்கிக்கொண்டே போனால் கடைசியில் யாரும் அளக்காத ஒரு மூலை அகப்படும். என்னுடைய மூலை மூன்று வெப்பநிலைகளும் ஒரே வகை டெக்ஸ்ட்ரானும்தான். சொன்னால் சிரிப்பு வரும், ஒரு கைக்குட்டை அளவு நிலம். முனைவர் பட்டம் என்றால் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துபோகிறார்கள். கைக்குட்டை அளவுதான் சரியான அளவு. அதற்கு மேல் எடுத்தால் முடியாது.

இதற்கு ஏன் பரீட்சை இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும். விடை யாருக்கும் தெரியாத கேள்விக்கு யார் மதிப்பெண் போடுவது? ஆனால் இது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் முனைவர் பட்டத்தில் சேர்ந்தவுடன் சில பாடங்களைப் படித்துத் தேற வேண்டும், நுழைவுக்கு கேட், நெட் என்று தனித் தேர்வுகள் உண்டு. அமெரிக்காவில் இளநிலை முடித்ததும் நேராகவே சேரலாம். அங்கே முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் பாடமும் தகுதித் தேர்வுமாகப் போகும். தென்னாப்பிரிக்காவில் வழக்கம் வேறு. பொறியியல் இளநிலை நாலு வருஷம், அதற்கப்புறம் ஆராய்ச்சி முதுநிலை, அதற்கப்புறம் முனைவர் பட்டம். முதுநிலை வேலை நன்றாக வளர்ந்துவிட்டால் அதை அப்படியே முனைவர் பட்டமாக உயர்த்திக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்கள் இடம்தருகின்றன. இங்குள்ள தேசியத் தகுதிக் கட்டமைப்பில் முனைவர் பட்டம் பத்தாம் படி, அதற்கு மேல் படி கிடையாது. 360 கிரெடிட் என்று கணக்கு. ஒரு கிரெடிட் பத்து மணி நேர உழைப்பு, ஆக 3600 மணி நேரம். என்னுடைய 3600 மணி நேரம் இரண்டாம் வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது. படிப்பு தீரவில்லை.

எங்கே தீர்ந்தது என்று சொல்கிறேன்.

பாகின் பிசுபிசுப்பை அளக்க விஸ்காமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. பாகுக்குள் ஒரு உருளை சுழலும், சுழற்ற எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று கருவி சொல்லும். கேட்க எளிது. காலையில் அளந்தால் ஒரு எண் வந்தது, மத்தியானம் அதே பாகை அளந்தால் கூடுதலாக வந்தது. டெக்ஸ்ட்ரானின் விளைவு என்று முதலில் குதித்தேன். டெக்ஸ்ட்ரானே சேர்க்காத வெறும் சர்க்கரைப் பாகை வைத்துப் பார்த்தேன், அதிலும் ஏறியது. வெப்பநிலையைச் சரிபார்த்தேன். பிசுபிசுப்பு இவ்வளவு என்று சான்று கொடுத்து விற்கிற எண்ணெயை ஊற்றிக் கருவியைச் சரிபார்த்தேன், கருவி சரி. காற்றுக்குமிழியாக இருக்குமோ என்று ஒரு மாதம் அதன் பின்னால் அலைந்தேன்.

மூடியின் ரப்பர் வளையம்தான் காரணம். வயதாகி ஓர் ஓரம் விறைத்திருந்தது. அந்த மயிரிழைச் சந்து வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. போனது எத்தனையோ துளிதான். ஆனால் சர்க்கரைப் பாகின் குணம் அப்படி: 20 டிகிரியில் நூற்றுக்கு 50 பங்கு சர்க்கரை இருந்தால் பாகு தண்ணீரைப்போல ஏறக்குறைய 15 மடங்கு பிசுபிசுப்பு, 60 பங்கானால் 58 மடங்கு, 70 பங்கானால் 480 மடங்கு. மேலே போகப் போக, துளித் தண்ணீர் குறைந்தாலே எண் எங்கேயோ தாவிவிடும். அதிரசப் பாகை அடுப்பில் வைத்துவிட்டு போன் எடுக்கப் போனவர்களுக்கு இது தெரிந்ததுதான். மூன்று மாதத்து அளவீடுகளையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. வளையத்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு.

வெட்கமாக இருந்தாலும் இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேதிப் பொறியியல் முனைவர் பட்டத்தின் முக்கால்வாசி இப்படித்தான் போகும். குழாய் ஒழுகும், பம்ப் மக்கர் செய்யும், வாயு உருளை வந்து சேராது, பழுது பார்க்கிறவர் அடுத்த வாரம் என்பார். அந்த வளையத்தைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு என் கை வேறு கையாகிவிட்டது. ஒரு எண்ணைப் பார்த்தால், இது பாகு சொல்கிற எண்ணா, என் மூடி சொல்கிற எண்ணா என்று முதலில் கேட்கத் தொடங்கினேன். வாராந்தரக் கூட்டத்தில் மேற்பார்வையாளரும் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இதையே வேறொருவர் செய்தால் இதே எண் வருமா? எவ்வளவு கூடக்குறைய வரும்?" அந்தக் கூடக்குறையத்தான் நிச்சயமின்மை என்கிறோம். அது இல்லாத எண்ணை எங்கள் துறையில் யாரும் மதிப்பதில்லை.

படிகம் வளர்க்கும் சோதனைக்கு எட்டு மணி நேரம் வெப்பநிலை அசையக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதைச் செய்வது தனிக் கலை. மின்வெட்டுக்கு இங்கே லோட் ஷெட்டிங் என்று பெயர், கட்டம் கட்டமாக எண் கொடுத்து அறிவிப்பார்கள். 2019 டிசம்பரில் முதல்முறையாக ஆறாம் கட்டம் வரைக்கும் போனது. ஏழு மணி நேரம் வளர்ந்த மணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், விளக்கு அணைகிறது, பாகு ஆறுகிறது, கண்ணெதிரே பனிமூட்டம் இறங்குகிறது. பொடி மணிகள். தாத்தா பயந்த அதே விபத்து, ஒரு லிட்டர் பாத்திரத்தில். அதற்கப்புறம் மின்வெட்டு அட்டவணையைச் சோதனைக்கூடச் சுவரில் ஒட்டி, சோதனைகளை அதற்குத் தக்கபடி இரவிலும் விடியற்காலையிலும் வைத்துக்கொண்டேன். 2020 மார்ச் 27 முதல் ஊரடங்கு வந்து சோதனைக்கூடமே பூட்டப்பட்டது. வீட்டிலிருந்தபடி, மற்றவர்கள் முன்பே எழுதிய ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொல்லும் அத்தியாயத்தை எழுதினேன். ஒருவகையில் அந்தப் பூட்டு எனக்கு நல்லதுதான் செய்தது, இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை இன்றும் எழுதியிருக்க மாட்டேன்.

கடைசியில் எல்லாவற்றையும் ஆய்வேடாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் மூன்று தேர்வாளர்களுக்கு அனுப்புகிறார்கள். வெளிப் பல்கலைக்கழகத்தவர், வெளிநாட்டவர் எல்லாம் அதில் இருப்பார்கள். சில பல்கலைக்கழகங்களில் அவர்கள் எதிரே நின்று வாய்மொழியாகவும் பதில் சொல்ல வேண்டும், சிலவற்றில் எழுதிய அறிக்கையோடு சரி. எனக்கு வந்த அறிக்கைகளில் ஒன்று பதினொரு பக்கம் இருந்தது. அதில் ஒன்பது பக்கம் நிச்சயமின்மைக் கணக்கைப் பற்றி. இதற்கிடையில் ஆய்விதழ்களில் கட்டுரையும் வெளியிட வேண்டும் என்று மேற்பார்வையாளர் விரட்டுவார். இங்கே அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கீகரித்த இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும், பட்டம் பெறும் ஒவ்வொரு முனைவருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் கொடுக்கிறது. 2030க்குள் பத்து லட்சம் பேருக்கு நூறு என்ற விகிதத்தில் ஆண்டுதோறும் முனைவர்கள் வெளிவர வேண்டும் என்பது தேசிய வளர்ச்சித் திட்டத்தின் இலக்கு. ஆகவே மாணவர் முடிக்காமல் இழுத்தடித்தால் கவலைப்பட இன்னொரு தரப்பும் இருக்கிறது என்று தைரியமாக இருக்கலாம்.

கட்டி வந்த ஆய்வேட்டைத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துப் பக்கங்களை எல்லாம் கடகடவென்று தள்ளி, நுண்ணோக்கிப் படங்கள் இருந்த பக்கத்தில் நின்றார். டெக்ஸ்ட்ரான் சேர்க்காத மணி இடப்பக்கம், சேர்த்தது வலப்பக்கம். வலப்பக்கத்து ஊசிகள்மேல் விரலை வைத்தார். "இத எப்படிம்மா உள்ள இருந்து எடுத்த?" என்று கேட்டுவிட்டு, எத்தனை டிகிரியில் எடுத்தேன், எவ்வளவு நேரம் விட்டேன் என்று வரிசையாகக் கேள்வி. பதினொரு பக்க அறிக்கையைவிட அன்றைக்கு எனக்கு அதிகமாக வியர்த்தது. 70 டிகிரியில் எடுத்த படத்தைப் பார்த்து மட்டும் தலையை ஆட்டினார்: "இவ்ளோ சூட்டுல நாங்க ஓட்டினதே இல்ல." ஆலையில் நடக்காத வெப்பநிலையில் எதற்கு அளந்தாய் என்பது அதன் பொருள். தேர்வாளர்கள் மூவரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

சரி, காசு. முனைவர் பட்டத்துக்குக் கையிலிருந்து பணம் கட்டிப் படிக்கக் கூடாது என்பது என் கட்சி. வேதிப் பொறியியலில் அநேகமாக உதவித்தொகை இருக்கும். தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவித்தொகை பெரும்பாலும் தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும்தான் போகிறது. அந்த அம்மாவின் மகனுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. என்னைப்போல் வெளியிலிருந்து வருகிறவர்கள் மேற்பார்வையாளரின் திட்டப் பணத்தை நம்பித்தான் வர முடியும். மாணவர் விசாவுக்கு இந்த நாட்டு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதையும் மறக்காமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை சம்பளம் இல்லை. இளநிலை முடித்து வேலைக்குப் போன நண்பன் இரண்டாம் வருஷம் கார் வாங்கியிருப்பான், நீங்கள் மினிபஸ் டாக்சியில் போவீர்கள்.

முடித்தபின் வேலை? ஆலையை நடத்த ஆசையென்றால் பிஎச்டி தேவையே இல்லை, சொல்லப்போனால் தாமதம்தான். தொழில்முறைப் பொறியாளராகப் பதிவு பெறுவது தனிப் பாதை. மேற்பார்வையின் கீழ் குறைந்தது மூன்று ஆண்டுக் கள அனுபவம் வேண்டும், முனைவர் பட்டம் அதற்கு ஈடாகாது. ஏன் என்ற கேள்வி தூங்கவிடாத ஆட்களுக்கு மட்டும்தான் இந்தப் படிப்பு. அவர்களுக்கு இந்த நாட்டில் இடம் உண்டு. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கிற சாசோல் நிறுவனம் சாசோல்பர்க்கில் 1955இல் உற்பத்தியைத் தொடங்கியது, அங்கே பெரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. கனிமங்களுக்கு ராண்ட்பர்க்கில் மின்டெக். சர்க்கரைக்கு டர்பனிலேயே 1949 முதல் சர்க்கரை ஆலை ஆராய்ச்சி நிறுவனம். கரும்புப் பயிர் ஆராய்ச்சிக்கு மவுண்ட் எட்ஜ்கோமில் 1925இல் தொடங்கிய நிலையம். அந்த ஊரின் மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டர் சமயத்தில் போகிறவர்கள் பலருக்கு இந்த நிலையமும் அங்கேதான் இருக்கிறது என்று தெரியாது.

பல்கலைக்கழகத்தைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. கேப் டவுனில் வினையூக்கியும் கனிமப் பிரிப்பும் பலம். ஸ்டெல்லன்போஷில் தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பதில் நிறைய வேலை நடக்கிறது. டர்பனில் சர்க்கரையும் வெப்ப இயக்கவியல் அளவீடுகளும். ஆனால் நாலு வருஷம் வாரா வாரம் எதிரே உட்காரப் போவது ஒரே ஒருவர். அவரிடம் முன்பு படித்தவர்களைத் தேடிப் பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை வருஷத்தில் முடித்தீர்கள், எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வந்தது. மிச்சமெல்லாம் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அடுத்த ஞாயிறு மகனையே அழைத்து வந்துவிட்டார். ஒரு பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தைப் போனில் காட்டினான். சிறு வயதிலிருந்தே அறிவியல்மேல் தீராத ஆர்வம் என்று ஆரம்பித்து ஒரு பத்தி, மதிப்பெண்கள் ஒரு பத்தி. விடுமுறைப் பயிற்சிக்கு எங்கே போனாய் என்றேன். டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்காம். அங்கே என்ன பார்த்தாய்? சாற்றை வற்றவைக்கிற கலங்களின் குழாய்களுக்குள் கல் மாதிரி படிவு கட்டிவிடும், அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும் என்றான். ஐந்து கலங்களில் கடைசிக் கலத்தில் மட்டும் படிவு வேறு நிறத்தில் இருந்ததாம்.

"ஏன் வேறு நிறம்?"

"கேட்டேன் அக்கா. எப்பவும் அப்படித்தான்னாங்க."

முதல் பத்தியை அழித்துவிட்டு அந்த நிறத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். படம் எடுத்து வைத்திருக்கிறானாம், தேடிக் கொண்டுவருகிறேன் என்று போயிருக்கிறான்.